கோபுரம் நட்ட பிறகு

2001ஆம் ஆண்டின் இறுதியில், மதுரைக்கு வடகிழக்கே மேலூர் வட்டாரத்தில், கிராமங்களுக்கு இணையத்தைக் கொண்டுசேர்க்கும் முயற்சி ஒன்று தொடங்கியது. 'சாரி' என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட அந்தத் திட்டத்தில் சென்னை ஐ.ஐ.டி.யும் அமெரிக்காவின் எம்.ஐ.டி., ஹார்வர்டு பல்கலைக்கழகங்களும் கைகோத்திருந்தன. களப்பணி என்-லாக் நிறுவனத்துடையது. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு சென்னையில் உருவாக்கிய கார்டெக்ட் தொழில்நுட்பம், ஊருக்கு ஊர் கம்பி இழுக்காமலேயே, ஒரு கோபுரத்தைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டர் அளவுக்குத் தொலைபேசியும் இணையமும் தந்தது. வேகம் நொடிக்கு 35 அல்லது 70 கிலோபிட். அந்த வேகத்திலேயே கிராமத்துக் கியோஸ்க்கில் உட்கார்ந்து சாதிச் சான்றிதழுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் விண்ணப்பித்தார்கள். பயிர்நோய்க்கு யோசனை கேட்டார்கள். கண்ணைப் படமெடுத்து மதுரை அரவிந்த் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். ஆனால் சில ஆண்டுகளுக்குள், தனிநபர்கள் நடத்திய மையங்களில் பெரும்பாலானவை மூடப்பட்டுவிட்டன.

இந்தத் திட்டத்தைப் பற்றிப் பேசும்போது கோபுரத்தையும் வேகத்தையும் பற்றியே அதிகம் பேசுகிறோம். கணினி அமைப்பு ஒன்றின் ஆயுளைத் தீர்மானிப்பது அதை நிறுவிய நாளின் திறமையைவிட, அதன்பின் அன்றாடம் அதைப் பார்த்துக்கொள்ளும் ஆளும், அந்த ஆளுக்கு இருக்கும் நேரமும் அதிகாரமும்தான் என்பதே என் வாதம். இன்று 'சைபர் பாதுகாப்பு' என்று தனித் துறையாக நாம் பிரித்துவைத்திருப்பதும் இந்தப் பராமரிப்பின் ஒரு கிளையே. மதுரைச் சமவெளியின் அண்மைக்கால வரலாறு இதற்குத் தெளிவான சான்று தருகிறது.

மேலூர் மையங்கள் மூடப்பட்டது வியாபாரத் தோல்வியால்தானே, அதில் பராமரிப்புக்கு என்ன பங்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த மையங்களை ஆராய்ந்த ராஜேந்திர குமாரும் மைக்கேல் பெஸ்டும் பணத் தட்டுப்பாட்டை முக்கியக் காரணங்களில் ஒன்றாகவே சொன்னார்கள். ஆனால் கதை அதோடு முடியவில்லை. அரசுச் சேவைகள் நன்றாக நடந்த காலத்தில் அவற்றில் அக்கறை கொண்ட அதிகாரிகள் இருந்தார்கள். பயிற்சி பெற்றவர்கள் மாற்றலாகிப் போனதும், அந்த வேலையைத் தொடரும் பொறுப்பு யாருடைய மேசையிலும் நிலைக்கவில்லை. கிராமத்தில் மையம் நடத்தியவர் நிலையும் அதுதான். வருமானம் குறைந்தால் அவர் முதலில் தள்ளிப்போடுவது பழுதுபார்ப்பை. பழுது நீண்டால் வாடிக்கையாளர் வருவதை நிறுத்துகிறார். வருமானம் மேலும் குறைகிறது. பணமும் பராமரிப்பும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இறங்கும்போது, ஒன்றை மட்டும் காரணம் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இதோடு ஒப்பிட வேண்டிய இன்னொரு முயற்சி பக்கத்திலேயே நடந்தது. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 2004 முதல் சிற்றூர்களில் பார்வை மையங்களை நிறுவத் தொடங்கியது. தேனிப் பகுதியில் அவற்றை மருத்துவமனையோடு இணைக்க, அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சாதாரண வைஃபை கருவிகளை நெடுந்தூரத்துக்கு எட்டும்படி மாற்றியமைத்தார்கள். நோயாளி தன் ஊர்ப் பக்கத்திலேயே உட்கார்ந்து, திரையில் மருத்துவரோடு பேச முடிந்தது. ஆய்வாளர்கள் முதலில் கவலைப்பட்டது வேகத்தைப் பற்றி. களத்தில் அவர்களை அலைக்கழித்தது மின்சாரம். மின்னழுத்தம் திடீரென்று ஏறுவதும் அடியோடு இறங்குவதும் அடாப்டர்களை எரித்தன, நினைவக அட்டைகளைக் கெடுத்தன, கருவிகளை அரை உயிரில் நிறுத்தின. கோளாறு வைஃபையிலா, கரண்டிலா, கழன்றுபோன வயரிலா என்று கண்டுபிடிக்கத் தெரிந்த ஆள் அந்த ஊரில் இல்லை என்பது அதைவிடப் பெரிய சிக்கல்.

அவர்கள் எடுத்த வழிதான் கவனிக்கத் தக்கது. இயந்திரம் உறைந்தால் தானாகவே மறுபடி தொடங்கும்படி செய்தார்கள். மின்னழுத்தம் தாழ்ந்தால் கருவியை முறையாகத் துண்டிக்கும் சிறு சுற்றுகளை வடிவமைத்தார்கள். ஒவ்வொரு நிலையமும் தன் உடல்நிலையைத் தானே வெளியே தெரிவிக்கச் செய்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, உள்ளூர் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பொறுப்பைப் படிப்படியாக அவர்கள் கையில் ஒப்படைத்தார்கள். 2008இல் வெளியான அவர்களின் ஆய்வுக் கட்டுரை இந்தப் பாடத்தையே மையமாக வைத்தது: முன்னோடித் திட்டம் நிலைத்த சேவையாக மாற வேண்டுமானால், அதை நடத்தக்கூடியவர்கள் அங்கேயே இருக்க வேண்டும். அரவிந்துக்குப் பணமும் அமைப்பு பலமும் இருந்தன, கியோஸ்க் நடத்திய தனிநபருக்கு அவை இல்லை என்ற வேறுபாடு உண்மை. அந்த பலத்தின் ஒரு பகுதியைப் பராமரிப்புக்கு ஒதுக்கினார்கள் என்பதும் உண்மை.

இந்த மண்ணுக்கு இது புதிய அறிவும் இல்லை. 1895இல் முல்லைப் பெரியாறு அணையிலிருந்து தண்ணீர் வந்த பிறகும், கண்மாய் மடையைத் திறந்து மூடவும் வயலுக்கு வயல் முறை வைத்துப் பாய்ச்சவும் நீர்பாய்ச்சி ஒருவர் தேவைப்பட்டார். ஊர் அவருக்கு அறுவடையில் பங்கு அளந்தது. வரத்துக்கால் தூர்வாரக் குடிமராமத்து இருந்தது. அந்த வேலை ஊரின் கணக்கில் ஒரு செலவாக எழுதப்பட்டிருந்தது என்பதே முக்கியம். இன்றைய அலுவலகக் கணக்குகளில் சர்வர் வாங்கிய செலவு இருக்கும். அதைப் பார்த்துக்கொள்பவரின் நேரம் இருக்காது.

இப்போது எல்லாம் கிளவுடில் இருக்கிறது, மென்பொருள் தானே புதுப்பித்துக்கொள்கிறது, உள்ளூர் ஆள் எதற்கு என்பது அடுத்த எதிர்வாதம். ஆனால் 2017 மே மாதம் உலகெங்கும் கணினிகளைப் பூட்டிய வானாக்ரை என்ற தீநிரல், மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே அடைத்துவிட்ட ஓட்டை வழியாகப் பரவியது. மருந்து வந்து இரண்டு மாதமாகியும் போடப்படாத இயந்திரங்களே விழுந்தன. பிரிட்டன் மருத்துவமனைகளும் அவற்றில் அடக்கம். நேர்மாறாக, 2024 ஜூலையில் கிரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய தானியங்கிப் புதுப்பிப்பில் பிழை இருந்தது. சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. அவற்றில் பலவற்றை ஒவ்வொன்றாக, யாராவது நேரில் போய்த்தான் எழுப்ப வேண்டியிருந்தது. புதுப்பிக்காமல் விட்டாலும் ஆபத்து, சோதிக்காமல் புதுப்பித்தாலும் ஆபத்து. இரண்டுக்கும் நடுவே முடிவெடுக்க விவரம் தெரிந்த மனிதர் தேவை.

2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் தாக்கப்பட்டபோது, சுமார் இரண்டு வாரம் நோயாளிப் பதிவுகள் தாளும் பேனாவுமாக நடந்தன. அதே ஆண்டு ஏப்ரலில் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், தாக்குதல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும், பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. தேவையான உத்தரவுதான். ஆனால் பதிவேட்டைத் தினமும் பார்க்கும் கண் இல்லாத இடத்தில், தாக்குதல் நடந்ததே தெரியவராது. ஆறு மணி நேரக் கணக்கு எங்கிருந்து தொடங்கும்?

மேலூர் கியோஸ்க் அன்று தந்த சான்றிதழ்களை இன்று இ-சேவை மையங்கள் தருகின்றன. தெருவுக்குத் தெரு மருத்துவப் பரிசோதனைக் கூடங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் நம் ஆதார் எண்ணையும் கைபேசி எண்ணையும் கணினியில் வைத்திருக்கின்றன. அவற்றில் வேலையை விட்டுப் போனவரின் பாஸ்வேர்டை அன்றே முடக்குவது, பேக்கப்பை எடுப்பதோடு நிற்காமல் அதிலிருந்து மீட்டுப் பார்ப்பது, மாற்றலாகிப் போகிறவர் அடுத்தவருக்கு எழுத்தில் ஒப்படைப்பது ஆகியவை ஒருவரின் பெயருக்கு எதிரே எழுதப்பட்ட கடமையாக, ஊதியமும் நேரமும் ஒதுக்கப்பட்ட வேலையாக இருக்க வேண்டும். புதிய கணினித் திட்டம் எதற்கு ஒப்புதல் தரும்போதும், மூன்றாம் ஆண்டில் இதைப் பார்த்துக்கொள்ளப்போவது யார், அவருக்குச் சம்பளம் எந்தத் தலைப்பில் என்ற கேள்விக்கு விடை எழுதியிராத கோப்பைத் திருப்பி அனுப்பும் துணிவு அதிகாரிகளுக்கு வர வேண்டும்.