அம்பு தைத்த படப்பிடிப்பு
போர்ட் பிளேர் அபர்தீன் பஜார்ப் பக்கம் வளர்ந்தவன் நான். ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் செல்லுலார் சிறையைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே, "அம்பு விடுறவங்கள எங்கப்பா பார்க்கலாம்?" என்பார்கள். எல்லாம் டிவி செய்த வேலை.

1974இல் மானுடவியலாளர் திரிலோக்நாத் பண்டிட்டோடு ஓர் ஆவணப்படக் குழு அந்த 'அம்பு விடுறவங்க' வாழும் வடக்கு சென்டினல் தீவுக்குப் போனது. கரையில் தேங்காய், அலுமினியப் பாத்திரம், பொம்மை, உயிரோடு ஒரு பன்றி எல்லாம் வைத்துவிட்டுப் படகை விலக்கிக் காத்திருந்தார்கள். வந்தது அம்பு, இயக்குநரின் தொடையில் தைத்தது. எய்தவர் மரநிழலில் போய் நின்று சிரித்தாராம். பன்றியையும் பொம்மையையும் குத்திப் புதைத்தவர்கள், தேங்காயையும் பாத்திரத்தையும் மட்டும் வைத்துக்கொண்டார்கள். காட்டுமிராண்டிகள் என்று சொன்னவர்கள் இந்தத் தேர்வைக் கவனித்தார்களா என்ன?

அந்தமானின் இன்னொரு பழங்குடியான ஜாரவாக்களுக்கு, சென்டினல் தீவுக்காரர்களுக்குக் கிடைத்த தூரம் வாய்க்கவில்லை. அவர்கள் காட்டை ஊடறுத்து அந்தமான் ட்ரங்க் ரோடு ஓடுகிறது. பூர்வகுடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறை 1956இலேயே வந்தும், உணவைக் காட்டி ஜாரவாப் பெண்களை ஆடவைத்த காணொளியை 2012இல் லண்டன் அப்சர்வர் பத்திரிகை வெளியிட்ட பிறகுதான் நாடே பதறியது. இரண்டே ஆண்டில் அனுமதியின்றி நுழைந்த பிரெஞ்சு ஆவணப்படக்காரர்கள்மேல் புகார் கிளம்பியது, நோக்கம் நல்லதென்றார்கள்.

இன்றும் அந்த ரோட்டில் ஜிர்காட்டாங் சோதனைச்சாவடியிலிருந்து வண்டிகளை வரிசையாகத்தான் அனுப்புகிறார்கள். வழியில் நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. எடுக்கத்தான் செய்கிறார்கள்.