முன்னாள் படைவீரர் என்பவர் யார்? விமானப் பயிற்சிப் பள்ளி வழியே ஒரு வரலாறு



நம் உறவுக்காரப் பையன் ஒருவன் அமெரிக்க ராணுவத்தில் சேவை முடித்து, அங்கேயே விமானி ஆவதற்கான பயிற்சிப் பள்ளியில் சேரப் போகிறான். இந்தச் செய்தி குடும்பக் குழுவில் வந்ததும் கேள்விகளும் வந்தன. "அரசாங்கமே பணம் கட்டுமாமே, உண்மையா ஐயா?" என்று ஒருவர். "அப்புறம் ஏன் முதல் உரிமத்தை மட்டும் அவன் கைக்காசில் எடுக்கச் சொல்கிறார்கள்?" என்று இன்னொருவர். இரண்டு கேள்விக்கும் பதில் 80 ஆண்டு வரலாற்றுக்குள் இருக்கிறது. அது கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

நம் மண்ணில் போரில் விழுந்த வீரனுக்கு நடுகல் வைத்தார்கள். அவன் குடும்பத்துக்கு உதிரப்பட்டி என்று நிலம் கொடுத்ததைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. இறந்தவனுக்கு மரியாதை செய்ய எல்லா நாட்டுக்கும் தெரியும். உயிரோடு திரும்பி வந்து வேலை தேடி நிற்பவனை என்ன செய்வது என்பதுதான் அரசுகளுக்குக் கடினமான கேள்வி.

முதல் உலகப் போர் முடிந்தபோது அமெரிக்கா இந்தக் கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை. வீரர்களுக்கு ஊக்கத்தொகை உண்டு என்று 1924இல் சட்டம் போட்டது. ஆனால் பெரும்பாலோர் கையில் கொடுத்தது ஒரு பத்திரம்தான். 1945இல்தான் அதைப் பணமாக்க முடியும். இடையில் பெரும் பொருளாதார வீழ்ச்சி வந்தது. வேலையும் சோறும் இல்லாத வீரர்கள் 1932இல் குடும்பத்தோடு வாஷிங்டன் நகருக்குப் போய்க் கூடாரம் போட்டார்கள். வாக்களித்த பணத்தை இப்போதே கொடு என்றார்கள். ஜூலை 28 அன்று காவல்துறை சுட்டதில் இரண்டு முன்னாள் வீரர்கள் விழுந்தார்கள். பிறகு ஜெனரல் மெக்கார்தர் தலைமையில் ராணுவம் டாங்கிகளோடும் கண்ணீர்ப்புகையோடும் வந்தது. கூடாரங்கள் எரிந்தன. நாட்டுக்காகப் போரிட்டவர்களை அதே நாட்டின் ராணுவம் விரட்டியது.

இந்தக் காட்சியை அந்தத் தலைமுறை மறக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் சீருடை அணிந்தவர்கள் 1 கோடியே 60 லட்சம் பேர். இத்தனை பேரும் ஒரே நேரத்தில் வேலை கேட்டுத் திரும்பினால் என்ன ஆகும்? அந்தப் பயத்திலும் நன்றியிலும் பிறந்ததுதான் "ஜி.ஐ. பில்" என்று எல்லாரும் சொல்லும் 1944ஆம் ஆண்டுச் சட்டம். அமெரிக்கன் லீஜியன் என்ற முன்னாள் வீரர்கள் சங்கத்தின் தலைவராக இருந்த ஹாரி கோல்மெரி, வாஷிங்டனில் மேஃபிளவர் ஓட்டலில் உட்கார்ந்து, ஓட்டல் காகிதத்திலேயே அதன் வரைவை எழுதினார்.

சட்டம் எளிதாக நிறைவேறவில்லை. இரு அவைகளின் கூட்டுக்குழுவில் கீழவை உறுப்பினர்கள் 3க்கு 3 என்று பிரிந்து நின்றார்கள். குழுவில் இருந்த மிசிசிப்பி உறுப்பினர் ஜான் ரேங்கினுக்குக் கறுப்பின வீரர்களுக்கும் இந்த உதவிப் பணம் போய்ச் சேருமே என்ற எரிச்சல். ஏழாவது உறுப்பினர் ஜான் கிப்சன் உடல்நலமில்லாமல் ஜார்ஜியாவில் சொந்த ஊரில் இருந்தார். இரவோடு இரவாக அவரைத் தேடிப் பிடித்து, காரில் ஜாக்சன்வில் விமான நிலையத்துக்குக் கொண்டுபோய், விமானத்தில் ஏற்றி, ஜூன் 10 காலை வாஷிங்டனில் இறக்கினார்கள். அவர் ஓட்டில் சட்டம் பிழைத்தது. ஒரு விமானப் பயணம் காப்பாற்றிய சட்டம் அது. ஜூன் 22 அன்று குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார்.

படிப்புக்கு ஆண்டுக்கு 500 டாலர் வரை கட்டணம், தனி ஆளுக்கு மாதம் 50 டாலர் செலவுப் பணம், வேலை கிடைக்காவிட்டால் வாரம் 20 டாலர் வீதம் 52 வாரம். இவையெல்லாம் அதில் இருந்தன. சுமார் 78 லட்சம் பேர் இந்தச் சட்டத்தில் படித்தார்கள், அல்லது தொழில் கற்றார்கள். அதில் கல்லூரி போனவர்கள் 22 லட்சம் பேர்தான். மற்றவர்கள் தொழிற்பள்ளி, பட்டறை, பண்ணைப் பயிற்சி என்று போனார்கள். விமானப் பயிற்சிப் பள்ளியும் அந்தப் பட்டியலில் இருந்தது.

ஒன்றைக் கவனியுங்கள். போர்க்காலத்தில் ராணுவமே 1,90,000க்கும் மேற்பட்ட விமானிகளை உருவாக்கியிருந்தது. அத்தனை பேருக்கும் விமான நிறுவனங்களில் வேலை கிடையாது. இது போதாதென்று, தரையில் நின்று விமானம் பழுது பார்த்தவர், சேற்றில் நடந்த காலாட்படைக்காரர், கப்பலில் சமைத்தவர் எல்லாம் இப்போது பறக்கக் கற்க வந்தார்கள். பணம் அரசாங்கத்துடையது. சிற்றூர்களின் புல்வெளித் திடல்களில் எல்லாம் பயிற்சிப் பள்ளிகள் முளைத்தன. பைப்பர் கப் என்ற மஞ்சள் நிற இரட்டை இருக்கை விமானங்கள் அங்கே நின்றன. 1946இல் மட்டும் அமெரிக்கத் தொழிற்சாலைகள் 33,000க்கும் மேற்பட்ட சிறு விமானங்களைச் செய்து தள்ளின. வீட்டுக்கு ஒரு கார் போல வீட்டுக்கு ஒரு விமானம் என்று பேசினார்கள். அடுத்த ஆண்டே உற்பத்தி ஏறக்குறைய பாதியாகச் சரிந்தது.

நாடாளுமன்றம் கணக்குக் கேட்டது. இவர்கள் பிழைப்புக்காகக் கற்கிறார்களா, பொழுதுபோக்குக்காகவா? 1948இல் சட்டம் திருத்தப்பட்டது. பொழுதுபோக்குப் படிப்புக்கு அரசுப் பணம் இல்லை, பறக்கக் கற்பவர் அது தன் பிழைப்புக்குப் பயன்படும் என்று எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும் என்றார்கள்.

நம் குழுவில் கேட்ட இரண்டாவது கேள்விக்கான பதில் இங்கேதான் ஆரம்பிக்கிறது. வியட்நாம் போர்க் காலத்தில், 1967இல், விமானப் பயிற்சிக்கு 90 சதவீதம் பணம் தருவதாகச் சட்டம் வந்தது. ஆனால் ஒரு நிபந்தனை: தனிநபர் விமானி உரிமம் முதலில் சொந்தச் செலவில் இருக்க வேண்டும். 1981இல் செலவைக் குறைக்கிறோம் என்று அந்த உதவியையே எடுத்துவிட்டார்கள். 1990இல் 60 சதவீதமாகத் திரும்பி வந்தது. 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு பணியாற்றியவர்களுக்கான புதிய சட்டத்தில், 2011 அக்டோபர் முதல் தனியார் பயிற்சிப் பள்ளிகளும் சேர்ந்தன. ஆண்டுக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்போடு. அது 10,000 டாலரில் தொடங்கிப் படிப்படியாக உயர்ந்து வருகிறது.

பயிற்சிப் பள்ளி வழியில் போகிறவருக்கு இன்றும் நடைமுறை அதே மாதிரிதான். தனிநபர் உரிமம் கையில் இருக்க வேண்டும், மருத்துவச் சான்று வேண்டும், பள்ளி அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும். அதற்கு மேற்பட்ட கருவிப் பறத்தல் தகுதி, வணிக விமானி உரிமம் போன்றவற்றுக்குத்தான் அரசு பணம் தரும். அரசுப் பல்கலைக்கழகத்தில் விமானப் பட்டப்படிப்பாகச் சேர்ந்தால் கணக்கு வேறு. அங்கே இந்த உச்சவரம்பு இல்லை. அதைப் பயன்படுத்திச் சில இடங்களில் ஹெலிகாப்டர் பயிற்சிக்கு எக்கச்சக்கமாகக் கட்டணம் வாங்கி, அதுவும் சர்ச்சையானது. ஆக, "நீ உண்மையாகவே இதில் பிழைக்கப் போகிறவன்தானா? முதல் அடியை உன் காசில் எடுத்து வைத்துக் காட்டு" என்பதுதான் அந்த நிபந்தனையின் பொருள்.

நியாயம்தானே என்று தோன்றும். இங்கேதான் எனக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது. முதல் அடியைத் தங்கள் காசில் எடுத்து வைத்த ஒரு கூட்டம் அப்போதே இருந்தது. அவர்களுக்கு என்ன கிடைத்தது என்று பாருங்கள்.

அவர்கள் பெண்கள். "வாஸ்ப்" என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட பெண் விமானிகள். 25,000க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்ததில் 1,830 பேரைத் தேர்ந்தெடுத்து, அதில் 1,074 பேர் பயிற்சியை முடித்தார்கள். சேரும்போதே பறந்த அனுபவம் இருக்க வேண்டும் என்பது விதி. பலர் அதைத் தங்கள் செலவில்தான் பெற்றிருந்தார்கள். டெக்சாஸ் மாநிலம் ஸ்வீட்வாட்டரில் இருந்த பயிற்சித் தளத்துக்கு ரயில் கட்டணமும் அவர்கள் காசுதான். தொழிற்சாலையிலிருந்து போர் விமானங்களை ஓட்டிக்கொண்டுபோய்த் தளங்களில் சேர்த்தார்கள். பழுது பார்த்த விமானங்களை முதலில் ஓட்டிப் பார்த்தார்கள். பீரங்கிப் பயிற்சிக்காக இலக்குத் துணியை விமானத்தின் பின்னால் கட்டி இழுத்தார்கள். கீழிருந்து உண்மையான குண்டுகளால் சுடுவார்கள். மொத்தம் 38 பேர் உயிரிழந்தார்கள். சட்டப்படி அவர்கள் ராணுவத்தினர் அல்லர், குடிமைப் பணியாளர்கள். அதனால் இறந்தவரின் பெட்டி மேல் கொடி போர்த்தும் உரிமை இல்லை. உடலை ஊருக்கு அனுப்பச் சக பெண்கள் தங்களுக்குள் வசூல் செய்ததும் உண்டு.

அவர்களை ராணுவத்தில் சேர்க்கும் மசோதா கீழவைக்கு வந்தது. அந்த நேரத்தில் அரசுப் பயிற்சித் திட்டங்கள் மூடப்பட்டு, ஆண் பயிற்சியாளர்கள் பலர் வேலை இழந்து, காலாட்படைக்கு அழைக்கப்படும் நிலையில் இருந்தார்கள். எங்கள் இடத்தைப் பெண்கள் பிடிக்கிறார்கள் என்று அவர்கள் உரக்கச் சொன்னார்கள். மசோதா 188க்கு 169 என்ற கணக்கில் தோற்றது. தேதி 1944 ஜூன் 21.

பிள்ளைகளே, அந்தத் தேதியை மறுபடி பாருங்கள். மறுநாள், ஜூன் 22, ரூஸ்வெல்ட் ஜி.ஐ. பில்லில் கையெழுத்திட்டார். முதல் நாள் ஓர் ஓட்டெடுப்பில் "நீங்கள் படைவீரர் அல்ல" என்று முடிவானது. அடுத்த நாள் படைவீரர் அனைவருக்கும் கதவு திறந்தது. விமானம் பழுது பார்த்தவருக்கு அரசுச் செலவில் பறக்கக் கற்கலாம். அவர் பழுது பார்த்த விமானத்தை உயிரைப் பணயம் வைத்து ஓட்டிப் பார்த்த பெண்ணுக்கு ஒன்றும் இல்லை. டிசம்பர் 20 அன்று அமைப்பையே கலைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

1976இல், முதன்முறையாகப் பெண்களை ராணுவ விமானிகளாகப் பயிற்றுவிக்கப் போகிறோம் என்று விமானப்படை அறிவித்தது. முதன்முறையா என்று இந்தப் பெண்கள் கொதித்தெழுந்தார்கள். போர்க்காலத்தில் தாமே விமானம் ஓட்டிச் சேர்த்த செனட்டர் பேரி கோல்ட்வாட்டர் அவர்கள் பக்கம் நின்றார். எதிர்த்தவர்களில் அமெரிக்கன் லீஜியனும் ஒன்று. ஆம், ஜி.ஐ. பில்லை எழுதிய அதே சங்கம்தான். 1977 நவம்பரில் சட்டம் நிறைவேறி அவர்கள் முன்னாள் படைவீரர் ஆனார்கள். அப்போது அவர்கள் வயது 50, 60. 1944ஆம் ஆண்டுச் சட்டத்தின் படிப்பு உதவி 1956லேயே முடிந்திருந்தது.

பெயர் சட்டத்தில் இருந்தால் போதுமா என்றால், அதுவும் போதாது. மார்லன் கிரீன் என்ற கறுப்பின விமானி விமானப்படையில் 9 ஆண்டு பணியாற்றி, 3,000 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். 1957இல் காண்டினென்டல் விமான நிறுவனத்துக்கு விண்ணப்பித்தார். இனம் எது என்று கேட்ட கட்டத்தை நிரப்பவில்லை. அவரைவிடக் குறைந்த அனுபவம் உள்ள வெள்ளையர்களுக்கு வேலை கிடைத்தது. அவர் வழக்குப் போட்டார். 1963இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1965இல் அங்கேயே விமானியாகச் சேர்ந்து, 1978 வரை பறந்து ஓய்வு பெற்றார். பறக்கக் கற்றுக்கொள்ள ஒரு சட்டம் வேண்டியிருந்தது. கற்றதை வைத்துப் பிழைக்க இன்னொரு போராட்டம் வேண்டியிருந்தது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான். நன்றி என்பது மனசுக்குள் இருக்கும்வரை யாருக்கும் சோறு போடாது. அது சட்டமாக எழுதப்பட வேண்டும். எழுதும்போது எவர் பெயர் விடுபடுகிறதோ, அவர் எவ்வளவு உழைத்திருந்தாலும் வெளியேதான் நிற்பார். சேவை செய்ததால் மட்டும் ஒருவர் முன்னாள் படைவீரர் ஆகிவிடுவதில்லை. அந்தச் சொல்லுக்குச் சட்டம் என்ன விளக்கம் எழுதுகிறதோ அதுதான் கணக்கு.

உங்களில் பலர் அரசு வேலையில் இருக்கிறீர்கள். சிலர் ராணுவத்திலும் காவல்துறையிலும் இருக்கிறீர்கள். சிலர் உள்ளாட்சிப் பொறுப்பில் இருக்கிறீர்கள். ஓர் அரசாணை வந்தால் எவ்வளவு தொகை என்று கடைசிப் பக்கத்தைத் தேடாதீர்கள். "இதன் கீழ் வருபவர் யார்" என்ற பத்தியை முதலில் படியுங்கள். ஒப்பந்தப் பணியாளர், தற்காலிகப் பணியாளர், தினக்கூலி என்று யாரெல்லாம் விடுபட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். உங்கள் பெயர் அதில் இருந்தால் மகிழுங்கள். பக்கத்தில் நின்று அதே வேலையைச் செய்தவர் பெயர் இல்லை என்றால், அன்றைக்கே கேளுங்கள். 33 ஆண்டு கழித்துக் கிடைக்கும் நியாயத்தில் பறக்க முடியாது.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்