தலைமையை நாடுதல்: பல்கலைக்கழகப் பெண்களின் சர்வதேசச் சம்மேளனமும் எமது மலைநாடும்

அம்பிட்டியவுக்கும் சர்வதேசம் என்ற சொல்லுக்கும் உள்ள உறவு எமது கல்லூரியை விடப் பழையது. பாப்பரசர் 13ஆம் லியோ 1893இல் இங்கே ஒரு குருமடத்தைத் தோற்றுவித்தார். இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் இளைஞர்கள் இந்த மலைச்சரிவுக்கு வந்து தங்கி, மெய்யியலும் இறையியலும் இலத்தீனில் கற்றார்கள். 1955இல் அந்தப் பாப்பரசர் குருமடம் பூனா நகருக்குச் சென்றது. அதுவரை ஏறக்குறைய 60 ஆண்டுகள், பல நாட்டவர் ஒரே மேசையில் அமர்ந்து படிக்கும் இடமாக அம்பிட்டிய விளங்கியது. அந்த மேசை ஆண்களுக்குரியது. இதே வீதியால் பாடசாலைக்கு நடந்த பெண் பிள்ளைகளுக்கு அப்படியொரு மேசை எப்போது கிடைத்தது, அதன் தலைமை இருக்கைக்கு அவர்கள் எவ்வாறு வரலாம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இலங்கைப் பெண்களுக்குப் பல்கலைக்கழகம் படிப்படியாகவே அருகில் வந்தது. 1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி ஆரம்பிக்கப்பட்டது. அங்கு படித்தவர்கள் லண்டன் பல்கலைக்கழகப் பரீட்சைகளுக்கே தோற்றினார்கள். 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1952இல் பல்கலைக்கழகத்தின் ஒரு பகுதி பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. அம்பிட்டியவிலிருந்து பேராதனைக்குப் போகக் கண்டி நகரைக் கடந்தால் போதும். கடல் கடந்தோ கொழும்புக்கோ போக வேண்டியிருந்த உயர்கல்வி, ஒரு பஸ் பயணத் தூரத்துக்கு வந்தது.

இதற்கு முன்னரே, பட்டம் பெற்ற பெண்கள் நாடுகளைக் கடந்து ஒன்றுகூட வேண்டும் என்ற எண்ணம் உலகின் மறுகரையில் பிறந்திருந்தது. 1918ஆம் ஆண்டின் பிற்பகுதியில், முதலாம் உலக யுத்தம் முடிவுக்கு வந்துகொண்டிருந்த வேளையில், பிரித்தானியக் கல்வித் தூதுக்குழு ஒன்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்களைப் பார்வையிடச் சென்றது. அதில் இரு பெண்கள் இடம்பெற்றனர். ஒருவர் லண்டன் பெட்ஃபோர்ட் கல்லூரியின் ஆங்கில இலக்கியப் பேராசிரியர் கரோலின் ஸ்பர்ஜன். இவர் 1869இல் இந்தியாவில் பிறந்தவர். மற்றவர் பர்மிங்ஹாம் பல்கலைக்கழக விரிவுரையாளர் ரோஸ் சிட்ஜ்விக். நியூயோர்க்கில் இவர்கள் பார்னார்ட் கல்லூரியின் பீடாதிபதி வேர்ஜினியா கில்டர்ஸ்லீவைச் சந்தித்தார்கள். மீண்டும் ஒரு பேரழிவு நேராதிருக்க வேண்டுமானால், படித்த பெண்களாவது நாடுகளுக்கிடையே ஒருவரையொருவர் அறிந்திருக்க வேண்டும் என்று மூவரும் பேசிக்கொண்டார்கள். அவ்வாண்டு டிசம்பரில் ரோஸ் சிட்ஜ்விக் நியூயோர்க்கிலேயே இன்ஃப்ளுவென்சா கண்டு இறந்தார். எஞ்சிய இருவரும் அந்த எண்ணத்தைக் கைவிடவில்லை. 1919இல் பல்கலைக்கழகப் பெண்களின் சர்வதேசச் சம்மேளனம் தோன்றியது. அதன் முதல் மகாநாடு 1920 ஜூலையில் லண்டனில் நடைபெற்றது. ஸ்பர்ஜன் முதல் தலைவரானார்.

அந்த நாளில் பட்டதாரிப் பெண் என்பவள் எவ்வளவு புதியவள் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். ஒக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் வழங்கத் தொடங்கியது அதே 1920இல்தான். கேம்பிரிட்ஜ் பெண்களை முழு அங்கத்தவராக ஏற்றது 1948இல். அதற்கு 6 ஆண்டுகளுக்கு முன்னரே தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகம், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே பட்டத்தையே வழங்கியது. எமது நாட்டுப் பெண்கள் இந்தச் சம்மேளனத்தில் எவருக்கும் பின்வரிசையில் நிற்க வேண்டியவர்கள் அல்லர் என்பதற்கு இதுவே சான்று.

முதல் 30 ஆண்டுகளில் அந்தச் சம்மேளனத்தின் தலைமை இருக்கையில் அமர்ந்தவர்களைப் பார்ப்போம். ஸ்பர்ஜனுக்குப் பின் கில்டர்ஸ்லீவ் வந்தார். இவர் 1936இல் மீண்டும் தெரிவானார். இடையில் நோர்வேயின் எலன் கிளெடிச், பிரித்தானியாவின் வினிஃபிரெட் கலிஸ், நெதர்லாந்தின் யோஹான்னா வெஸ்டர்டைக் ஆகியோர் பதவி வகித்தனர். கிளெடிச் பாரிஸில் மேரி கியூரியின் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய இரசாயன அறிஞர். கலிஸ் உடலியல் பேராசிரியர். வெஸ்டர்டைக் தாவர நோயியல் நிபுணர். தமது நாட்டின் முதற் பெண் பேராசிரியர். 1939 ஓகஸ்டில் ஸ்டொக்ஹோமில் கூடிய மகாநாடு போலந்தின் ஸ்டனிஸ்லாவா அடமோவிச்சைத் தெரிவுசெய்தது. சில வாரங்களில் அவருடைய நாடு யுத்தத்தில் அகப்பட்டது. யுத்தத்தின் பின் கனடாவின் வானியல் அறிஞர் அலிஸ் வைபர்ட் டக்ளஸ் தலைமையேற்றார். அனைவரும் தத்தம் துறையில் பெயர் பெற்றவர்கள். அதேவேளை அனைவரும் ஐரோப்பாவையும் வட அமெரிக்காவையும் சேர்ந்தவர்கள்.

இப்பதவி வெறும் அலங்காரமாக இருந்ததில்லை. 1933இன் பின் ஜேர்மனியப் பட்டதாரிப் பெண்கள் சங்கம் தனது யூத அங்கத்தவரை வெளியேற்றியது. இவ்விடயத்தில் சர்வதேசச் சம்மேளனம் என்ன செய்யப்போகிறது என்ற கேள்வி எழுந்தது. 1936இல் போலந்தின் கிராக்கோ நகரில் வெஸ்டர்டைக்கின் தலைமையில் கூடிய மகாநாடு, இனம், மதம், அரசியற் கருத்து ஆகியவற்றைக் காரணங்காட்டித் தகுதியுள்ள பெண்களை விலக்கும் எந்தத் தேசியச் சங்கமும் தன்னில் அங்கம் வகிக்க முடியாது என யாப்பைத் திருத்தியது. புகலிடம் தேடிய பெண் அறிஞர்களுக்கு வேலையும் தங்குமிடமும் தேடிக்கொடுக்கும் பணியும் நடந்தது. யாரை உள்ளே எடுப்பது, யாருக்காகப் பேசுவது என்று முடிவெடுக்கும் இடத்தில் அமர்வதே தலைமை. அதனால்தான் அதை நாடுவது பொருளுள்ள செயலாகிறது.

அந்த இடத்துக்கு ஒருவர் எப்படி வருகிறார்? தனிப்பட்ட ஒருவர் நேரே போய்ப் போட்டியிட முடியாது. நாடுதோறும் ஒரு தேசியச் சம்மேளனம் உண்டு. அதில் அங்கத்தவராக இருக்கும் ஒருவரை அந்தத் தேசியச் சம்மேளனமே முன்மொழிய வேண்டும். வாக்களிப்பவர்கள் நாடுகளின் பேராளர்கள். நீண்டகாலமாக மகாநாடு 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடி வந்தது. ஆகவே ஒருவர் முதலில் தமது ஊர்க் கிளையில் செயலாளராகவோ பொருளாளராகவோ உழைத்திருக்க வேண்டும். பின் தேசிய நிர்வாகக் குழுவுக்கு வர வேண்டும். அதன்பின் ஏதாவதொரு சர்வதேசக் குழுவில் பணியாற்றிப் பிற நாட்டவருக்கு அறிமுகமாக வேண்டும். இதனிடையே பிரயாணச் செலவு, சந்தாப் பணம், விடுமுறை, குடும்பத்தின் சம்மதம் ஆகியனவும் உண்டு. ஒவ்வொரு படியிலும் ஒரு கதவு உண்டு. எமது நாடு போன்ற இடங்களிலிருந்து வருபவர்களுக்குப் பணக் கதவே மிக இறுக்கமானது.

இலங்கையில் பல்கலைக்கழகப் பெண்களின் சம்மேளனம் 1940களின் தொடக்கத்தில் உருவாயிற்று. பட்டதாரிப் பெண்களின் தொகை இன்னும் சிறியதாக இருந்த காலம் அது. இன்றும் புலமைப்பரிசில், கருத்தரங்கு, பாடசாலை மாணவியருக்கான உதவி என்று அது இயங்கி வருகிறது. சர்வதேசச் சம்மேளனம் 2015இல் தனது பெயரைச் சர்வதேசப் பட்டதாரிப் பெண்கள் அமைப்பு என மாற்றிக்கொண்டது. தலைமைப் பதவியும் படிப்படியாக மேற்கைக் கடந்து வந்தது. 1990களில் இந்தியாவின் சித்ரா கோஷ், 2000களின் தொடக்கத்தில் ஜப்பானின் ரெய்கோ அவோகி, 2022இல் சியரா லியோனின் பட்ரிஸ் வெலஸ்லி கோல் ஆகியோர் அந்த இருக்கைக்கு வந்தார்கள்.

எமது நாட்டுப் பெண் ஒருவர் சர்வதேசப் பெண்கள் அமைப்பொன்றின் உச்சிக்குச் சென்ற பாதையை அறிய, பட்டதாரிகள் சம்மேளனத்தை விட்டு அதன் அயலிலுள்ள இன்னோர் அமைப்பைப் பார்க்க வேண்டும். அது வாக்குரிமைப் போராட்டத்திலிருந்து பிறந்த பெண்களின் சர்வதேசக் கூட்டணி. 1904இலிருந்து அமெரிக்கா, பிரித்தானியா, சுவீடன், டென்மார்க் ஆகிய நாட்டுப் பெண்களே அதற்குத் தலைமை வகித்து வந்தார்கள். 1958இல் அப்பதவிக்குத் தெரிவானவர் இலங்கையின் எஸ்லின் தெரணியகல. ஒக்ஸ்ஃபோர்டில் படித்து, இலங்கையின் முதற் பெண் பாரிஸ்டரானவர் அவர். 1964வரை அப்பதவியில் இருந்தார். ஆசியாவிலிருந்து அந்த இருக்கைக்கு வந்த முதல்வர் அவரே. அவருக்குப் பின் பாகிஸ்தானின் பேகம் அன்வர் அஹமத் வந்தார்.

அவருடைய படிப்பும் திறமையும் பெரியவைதாம். ஆயினும் நாம் கவனிக்க வேண்டியது அதற்கு முந்திய 3 ஆண்டுகளை. 1955இல் அந்தக் கூட்டணியின் மகாநாடு கொழும்பில் நடைபெற்றது. மண்டபம் தேடுதல், விருந்தினரை வரவேற்றல், தங்குமிடம், கடிதப் போக்குவரத்து, மொழிபெயர்ப்பு என்று இத்தகைய மகாநாடு ஒன்றின் பின்னால் எத்தனை பெண்களின் கை இருக்கும் என்பதைக் கல்லூரி விழா ஒன்றை நடத்திய எவரும் அறிவர். பல நாட்டுப் பேராளர்கள் இங்கு வந்து, இலங்கைப் பெண்கள் காரியமாற்றும் விதத்தைக் கண்டு சென்றார்கள். அதற்கடுத்த மகாநாட்டில் இலங்கைப் பெண் ஒருவர் தலைவரானார். தலைமைக்கு ஒருவர் தெரிவாகும் முன்னர், அவருடைய சங்கம் தன்னை நிரூபித்திருக்க வேண்டும் என்பதையே இது உணர்த்துகிறது.

கண்டிக்கும் இக்கதையில் ஓர் இடம் உண்டு. கண்டியில் வாழ்ந்த அக்னஸ் டி சில்வா, 1927இல் அமைந்த பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தின் முக்கிய செயற்பாட்டாளர். டொனமூர் ஆணைக்குழு முன் சாட்சியமளிக்கச் சென்ற பெண்களுள் அவர் முன்னின்றவர். தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்குரிமை கேட்கிறீர்களா என்று ஆணையாளர்கள் வினவியபோது, அவர்களும் பெண்கள்தாமே, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்ற கருத்துப்பட அவர் விடையிறுத்தார். 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. கட்டடக் கலைஞராகப் புகழ்பெற்ற மினெட் டி சில்வா அவருடைய மகள். 1948இல் பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் நிறுவனத்தில் இணை அங்கத்துவம் பெற்ற முதல் ஆசியப் பெண் அவரே.

அந்த விடை தமிழ்ப் பெண்களாகிய எம்மை இன்றும் கேள்வி கேட்கிறது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. தோட்டப் பாடசாலைகள் அரசின் கைக்கு வந்தது 1970களில்தான். பட்டம் என்பது சம்மேளனத்தின் வாயிற்படி. அந்த வாயிற்படிக்கே மலையகப் பெண் பிள்ளை மிகப் பிந்தியே வந்து சேர்ந்தாள். 1930களில் கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள் தோட்டந்தோட்டமாகச் சென்று பாடியும் பேசியும் தொழிலாளரை எழுப்பினார். பட்டதாரிகளின் மகாநாடுகளில் அத்தகையோருக்கு ஆசனம் இருந்ததில்லை. பட்டதாரிப் பெண்களின் சார்பில் தலைமைக்கு வருபவர் வாயிற்படிக்கு வெளியே நிற்பவர்களையும் நினைக்க வேண்டும். கிராக்கோவில் கேட்கப்பட்ட கேள்வியும் கண்டிப் பெண்மணி சொன்ன விடையும் ஒரே விடயத்தைப் பற்றியவை.

இன்னொரு தடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது எமது வளர்ப்பில் உள்ளது. பதவியைத் தேடிப் போகக்கூடாது, அது தேடி வர வேண்டும் என்று பெண் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். தன் பெயரைத் தானே சொல்பவளைப் பதவி ஆசைக்காரி என்கிறோம். கூட்டத்தில் தலைவர் பதவிக்குப் பெயர் கேட்டால், எல்லோரும் பக்கத்திலிருப்பவரைப் பார்க்கிறோம். அடக்கம் நல்ல குணம். ஆனால் வேலை செய்ய ஆயத்தமாயிருக்கும் ஒருத்தி, நான் செய்கிறேன் என்று சொல்வது அடக்கத்துக்கு மாறானதன்று. சென்னையில் 1912இல் மருத்துவப் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி 1926இல் பாரிஸ் நகரில் கூடிய பெண்கள் மகாநாட்டுக்கு இந்தியப் பெண்களின் பேராளராகச் சென்றார். எமது காலத்தில் ராதிகா குமாரசுவாமி பெண்களுக்கெதிரான வன்முறை பற்றிய ஐக்கிய நாடுகளின் விசேட அறிக்கையாளராக 1994 முதல் 2003வரை பணியாற்றி, பின் ஆயுத மோதல்களில் அகப்பட்ட சிறுவர்களுக்கான விசேட பிரதிநிதியானார். கூச்சம் இவர்களைத் தடுத்திருந்தால் இழப்பு இவர்களுடையதாக மட்டும் இருந்திராது.

எமது பழைய மாணவியர் சங்கம் 100 ஆண்டுகளைக் கடந்துள்ளது. அந்தச் சர்வதேசச் சம்மேளனம் பிறந்த அதே தலைமுறையில் எமது சங்கமும் பிறந்தது. எம் பழைய மாணவியர் இன்று லண்டனிலும் டொரொன்டோவிலும் சிட்னியிலும் சென்னையிலும் கண்டியிலும் இருக்கிறார்கள். அந்தந்த நாட்டில் பட்டதாரிப் பெண்களின் சங்கம் ஒன்று இருக்குமாயின், அதில் சேருவதே முதற்படி. சேர்ந்தபின் கூட்ட அறிக்கை எழுதும் பொறுப்பையோ கணக்கு வைக்கும் பொறுப்பையோ ஏற்றுக்கொள்வது இரண்டாம் படி. எம்முள் ஒருவர் மேலே செல்ல விரும்பினால், அவருடைய பெயரை முன்மொழிவதும், பிரயாணச் செலவில் பங்கெடுப்பதும், அவர் இல்லாத நாட்களில் வீட்டில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்வதும் மற்றவர்களின் படி. இரண்டாம் நூற்றாண்டில் எமது சங்கம் ஒவ்வோர் ஆண்டும் பல்கலைக்கழகம் புகும் மாணவியரின் பெயர்களைக் குறித்துவைத்து, பட்டம் பெற்றதும் அவர்களை இத்தகைய சங்கங்களுக்கு அறிமுகப்படுத்தலாம். மலைத் தோட்டத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தியின் முதலாண்டுச் சந்தாவைச் சங்கமே செலுத்தலாம். அது பெரிய தொகையன்று. அவள் ஒருநாள் எழுந்து நின்று தன் பெயரைத் தானே சொல்லும்போது, வழிமொழிய எம்மில் ஒருவர் அந்த மண்டபத்தில் இருக்க வேண்டும்.