குண்டு வார்ப்பச்சு

குண்டு வார்ப்பச்சு என்பது உருகிய ஈயத்தை அல்லது ஈயக் கலப்புலோகத்தை ஊற்றித் துப்பாக்கிக் குண்டுகளை வார்த்தெடுக்கப் பயன்படும் கைக்கருவி ஆகும். குண்டு என்னும் சொல் இக்கட்டுரையில் சுடும்போது குழலிலிருந்து வெளியேறிச் செல்லும் உலோகப் பகுதியை மட்டும் குறிக்கும். வெடிமருந்து, உறை, குண்டு ஆகிய யாவும் சேர்ந்த முழுப்பொருள் தோட்டா எனப்படும். இலங்கைத் தமிழில் குண்டைச் சன்னம் என்றும் வழங்குவர்.

ஐக்கிய அமெரிக்காவில் இலக்குச் சுடுதலில் ஈடுபடுவோரும், பழைய வகைத் துப்பாக்கிகளைப் பயன்படுத்துவோரும் இன்றும் குண்டுகளைத் தாமே வார்த்துக்கொள்கின்றனர். புதிதாக வாங்கிய அச்சில் முதலில் வார்க்கப்படும் குண்டுகள் பெரும்பாலும் குறையுள்ளனவாகவே அமைகின்றன. இதற்கு அச்சின் பிழையை விட எண்ணெய்ப் படிவு, போதாத வெப்பம், பொருந்தாத கலவை ஆகியவையே பொதுவான காரணங்கள் ஆகும்.

வரலாறு

ஈயத்தை அச்சில் வார்த்து எறிபடையாகப் பயன்படுத்துவது துப்பாக்கியை விடப் பழைமையானது. பண்டைய கிரேக்கரும் உரோமரும் கவணில் வைத்து எறியும் ஈயக் குண்டுகளை அச்சுகளில் வார்த்தனர். அச்சிலேயே எழுத்துகளைப் பொறித்து, படைத்தலைவரின் பெயரையோ எதிரிக்கான ஏளனச் சொல்லையோ குண்டின் மீது இடம்பெறச் செய்ததும் உண்டு.

துப்பாக்கிகள் கைவினைப் பொருள்களாக இருந்த காலத்தில் ஒரு குழலின் விட்டம் மற்றொன்றுடன் ஒத்திருக்கவில்லை. இதனால் ஒவ்வொரு துப்பாக்கியுடனும் அதற்கே உரிய அச்சு ஒன்றும் சேர்த்து வழங்கப்பட்டது. அமெரிக்க விடுதலைப் போரின்போது, 1776 ஆம் ஆண்டு சூலை 9 ஆம் நாள், நியூயார்க்கில் இருந்த மூன்றாம் சார்ச் மன்னரின் ஈயச் சிலையை மக்கள் வீழ்த்தினர். அதன் துண்டுகளில் பெரும்பகுதி கனெக்டிகட்டில் உள்ள லிட்ச்ஃபீல்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, ஆலிவர் வோல்காட்டின் இல்லத்தில் குண்டுகளாக வார்க்கப்பட்டது. அவ்வாறு வார்த்தவை 42,088 எனக் கணக்கெழுதி வைக்கப்பட்டுள்ளது. வார்த்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் சிறார்களும் ஆவர்.

1849 இல் பிரெஞ்சுப் படை அலுவலர் குளோட் எட்டியேன் மினியே உருவாக்கிய, அடிப்பகுதி குடைவான குண்டு அச்சின் அமைப்பையும் மாற்றியது. குடைவை உருவாக்க அச்சின் அடியில் தனியான முளை ஒன்று தேவைப்பட்டது. 1884 இல் ஜான் பார்லோ தொடங்கிய ஐடியல் நிறுவனம் அமெரிக்காவில் தனியாருக்கான வார்ப்பச்சுகளைப் பரவலாக விற்றது. அது 1925 இல் லைமன் நிறுவனத்தின் வசமாயிற்று.

அமைப்பு

இன்றைய அச்சு இரண்டு உலோகக் கட்டைகளால் ஆனது. இரண்டும் சேரும் முகத்தில் குண்டின் பாதி வடிவம் ஒவ்வொன்றிலும் குடையப்பட்டிருக்கும். குறடு போன்ற கைப்பிடிகள் இவற்றைத் திறக்கவும் மூடவும் உதவுகின்றன. கட்டைகள் ஒன்றுக்கொன்று விலகாமல் பொருந்தச் சிறு முளைகள் உள்ளன. மேற்புறத்தில் சுழலும் தகடு ஒன்றும் அதில் புனல் வடிவத் துளையும் இருக்கும். உலோகம் அத்துளை வழியே ஊற்றப்படுகின்றது. உறைந்தபின் தகட்டைச் சுழற்றினால் மேலே எஞ்சிய துண்டு வெட்டுண்டு, குண்டின் அடிப்பகுதி தட்டையாக அமைகின்றது.

கட்டைகளின் உள்முகத்தில் மயிரிழை போன்ற கோடுகள் கீறப்பட்டிருப்பதைக் காணலாம். இவை அழகுக்காக இடப்பட்டவை அல்ல. உலோகம் உள்ளே புகும்போது குழியில் உள்ள காற்று வெளியேறுவதற்கான வழிகள் இவை. உருகிய உலோகம் தன் மேற்பரப்பு இழுவிசை காரணமாக இந்நுண்ணிய கோடுகளுக்குள் புகுவதில்லை.

இரும்பு அச்சு நீடித்து உழைக்கும், ஆனால் துருப்பிடிக்கும். அலுமினிய அச்சு எடை குறைந்தது, விரைவில் சூடாவது, துருப்பிடிக்காதது. எனினும் மென்மையானது என்பதால் முரட்டுத்தனமாகக் கையாண்டால் முளைகளும் விளிம்புகளும் தேய்ந்துவிடும். பித்தளை அச்சு எடை மிக்கது, வெப்பத்தை நெடுநேரம் தாங்குவது, விலை கூடியது.

கலப்புலோகம்

தூய ஈயம் 327.5 பாகை செல்சியசில் உருகுகின்றது. அது மிக மென்மையானது. அதன் பிரினெல் கடினத்தன்மை எண் ஏறத்தாழ 5 ஆகும். முன்புறம் வழியே நிரப்பப்படும் பழைய வகைத் துப்பாக்கிகளுக்கு அதுவே ஏற்றது. பிற பயன்பாடுகளுக்கு வெள்ளீயமும் அந்திமனியும் சேர்க்கப்படுகின்றன. அந்திமனி கடினத்தன்மையைக் கூட்டுகின்றது. வெள்ளீயமோ உருகிய கலவையின் மேற்பரப்பு இழுவிசையைக் குறைத்து, அச்சின் நுண்ணிய மூலைகளையும் அது சென்று நிரப்பும்படி செய்கின்றது. புதிய அச்சில் விளிம்புகள் மழுங்கி வருமாயின் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கு வெள்ளீயம் சேர்த்தாலே பெரும்பாலும் போதுமானது. அதற்கு மேல் சேர்ப்பது விலையைக் கூட்டுமேயன்றிப் பயனைக் கூட்டுவதில்லை.

லைமன் இரண்டாம் எண் கலவை எனப்படுவதில் 90 விழுக்காடு ஈயமும், 5 விழுக்காடு வெள்ளீயமும், 5 விழுக்காடு அந்திமனியும் உள்ளன. அதன் கடினத்தன்மை எண் சுமார் 15. லைனோடைப் அச்சுக்கோப்பு இயந்திரங்களில் பயன்பட்ட உலோகத்தில் 84 பங்கு ஈயம், 12 பங்கு அந்திமனி, 4 பங்கு வெள்ளீயம் இருந்தன. அச்சகங்கள் இவ்வியந்திரங்களைக் கைவிட்டபோது அந்த உலோகம் குண்டு வார்ப்போருக்கு எளிதில் கிடைத்தது, பின்னர் அருகிவிட்டது. வண்டிச் சக்கரங்களைச் சமன் செய்யும் ஈய எடைகளும் இவ்வாறே பயன்பட்டன. இன்று அவற்றுள் துத்தநாகத்தால் ஆனவையும் கலந்துள்ளன. துத்தநாகம் 419.5 பாகையில் உருகுவதால், கொப்பரையை அதற்கும் கீழான வெப்பத்தில் வைத்து, மேலே மிதக்கும் துத்தநாக எடைகளை நீக்கிவிட வேண்டும். சிறிதளவு துத்தநாகம் கரைந்தாலும் உலோகம் குழைவாகி அச்சை நிரப்ப மறுக்கும்.

கொப்பரையின் மேல் தோன்றும் சாம்பல் நிறப் படலத்தைக் கனம் குறைந்த வெள்ளீயம் பிரிந்து மிதப்பதாகக் கருதிச் சிலர் வழித்து எறிவர். இது தவறாகும். ஒருமுறை கலந்த வெள்ளீயம் எடையால் பிரிவதில்லை; அப்படலம் காற்றுடன் வினைபுரிந்த ஆக்சைடு ஆகும். மெழுகையோ மரத்தூளையோ இட்டு நன்கு கிளறினால் அதன் ஒரு பகுதி மீண்டும் உலோகமாகின்றது. எஞ்சும் கசடே நீக்கத்தக்கது.

புதிய அச்சை ஆயத்தப்படுத்தல்

தொழிற்சாலையிலிருந்து வரும் அச்சில் கடைசல் எண்ணெயோ துருக்காப்பு எண்ணெயோ படிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு எண்ணெய் கூட வெப்பத்தில் ஆவியாகிக் குண்டின் மேற்பரப்பில் சுருக்கங்களை உண்டாக்கும். எனவே வெந்நீர், பாத்திரம் கழுவும் சவர்க்காரம், பழைய பல்துலக்கி ஆகியவற்றைக் கொண்டு அச்சைத் தேய்த்துக் கழுவி, முற்றிலும் உலர்த்த வேண்டும். இரும்பின் நுண்துளைகளில் தங்கிய எண்ணெய் ஒரே கழுவலில் நீங்காமலும் போகலாம்.

அடுத்து, விளிம்புகளில் கடைசல் பிசிறு உள்ளதா என நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். முகங்களுக்கிடையே ஒரு சிறு பிசிறு இருந்தாலும் கட்டைகள் முழுமையாக மூடா. குழியின் உட்புறத்தை அரம் கொண்டோ உப்புத்தாள் கொண்டோ தொடுதல் ஆகாது. மேற்தகடு தன் எடையிலேயே அசையுமளவு தளர்ந்தும், கட்டையின் மீது இடைவெளியின்றிப் படிந்தும் இருப்பது முறை. தகட்டின் சுழல் அச்சாணிக்கும் பொருத்து முளைகளுக்கும் வெப்பம் தாங்கும் எண்ணெய் மிகச் சிறிதளவு, பஞ்சுக்குச்சியின் நுனியால் தொட்டுவைக்கும் அளவே தேவை. கூடுதலாக இட்டால் அது வழிந்து குழியை அடையும்.

பல வார்ப்பாளர்கள் முதல் வார்ப்புக்கு முன் அச்சை மின்னடுப்பில் ஏறத்தாழ 200 பாகை வரை சூடாக்கி, தானாக ஆறவிட்டு, இதனை இரண்டு மூன்று முறை செய்கின்றனர். இதனால் உலோகத்தின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் உண்டாகி, குண்டு எளிதில் விடுபடுகின்றது. தீக்குச்சியின் புகையைக் குழியில் படியச் செய்வது மற்றொரு வழக்கம். இதன் பயன் பற்றி ஒருமித்த கருத்து இல்லை. புகைக்கரி வெப்பக் கடத்தலைக் குறைத்து நிரம்புதலுக்கு உதவலாம். ஆனால் தடித்துப் படிந்தால் குண்டின் விட்டம் குறையும், காற்றுக் கோடுகளும் அடைபடும். நன்கு கழுவிச் சூடாக்கிய அச்சுக்கு இது பெரும்பாலும் தேவைப்படுவதில்லை.

வார்க்கும் முறையும் குறைபாடுகளும்

பொதுவான கலவைகளுக்குக் கொப்பரையின் வெப்பம் 370 முதல் 400 பாகை வரை போதுமானது. தூய ஈயத்துக்குச் சற்றுக் கூடுதல் வேண்டும். எனினும் முதலில் வார்ப்போர் கவனிக்கத் தவறுவது அச்சின் வெப்பத்தையே. குளிர்ந்த அச்சில் உலோகம் நிரம்புவதற்கு முன்பே உறைந்து, முந்திரிப்பழத்தை உலர்த்தியது போன்ற சுருக்கங்களுடன் குண்டு வெளிவரும். அச்சு மிகச் சூடாக இருந்தால் குண்டின் மேற்பரப்பு பனி பூத்தது போல் மங்கித் தோன்றும். சற்றே மங்கிய குண்டுகள் பயன்படத்தக்கவை. அளவாலும் வடிவாலும் அவை குறைவுடையன அல்ல. ஆதலால் பளபளப்பான குண்டையே நாடி வெப்பத்தைக் குறைப்பதை விட, சிறிது மங்கல் தோன்றும் நிலையில் வார்ப்பது நல்லது.

அச்சின் வெப்பத்தை அறிய எளிய வழி ஒன்று உண்டு. ஊற்றிய பின் மேற்தகட்டில் நிற்கும் உலோகத் துளி நான்கைந்து நொடிகளில் உறைந்தால் அச்சு சரியான நிலையில் உள்ளது. உடனே உறைந்தால் வார்க்கும் வேகத்தைக் கூட்ட வேண்டும். பத்து நொடி கடந்தும் நீர்மமாக இருந்தால் சற்று நிறுத்த வேண்டும். ஒவ்வொரு குண்டையும் எடுத்துப் பார்த்து வியந்துகொண்டிருந்தால் அதற்குள் அச்சு ஆறிவிடும். சீரான தாளத்தில் வார்த்து, முதல் இருபது முப்பது குண்டுகளைப் பாராமலேயே கொப்பரையில் திரும்ப இடுவது அனுபவமுடையோர் வழக்கம்.

ஈயம் உறையும்போது ஏறத்தாழ 3.5 விழுக்காடு சுருங்குகின்றது. மேற்தகட்டில் போதிய உலோகம் நின்றால் அது இறங்கி அச்சுருக்கத்தை ஈடுசெய்யும். இல்லையேல் குண்டின் அடியில் வெற்றிடம் உண்டாகும். வெளியே தெரியாத வெற்றிடத்தைத் தராசு காட்டிவிடும். குண்டின் பக்கவாட்டில் மெல்லிய செதில் போன்ற தகடு தோன்றினால் கட்டைகள் முழுதாக மூடவில்லை எனக் கொள்ளலாம்.

ஒட்டிக்கொண்ட குண்டை விடுவிக்கக் கைப்பிடிகளின் கீல் மீது மரக்கட்டையால் மெல்லத் தட்டுவர். கட்டைகளை நேரே தட்டுவதும், குழியைக் கூர்முனையால் நெம்புவதும் அச்சை நிலையாகக் கெடுத்துவிடும்.

வார்த்த குண்டின் விட்டம் குழலின் உட்கீறல் விட்டத்தை விட 0.001 முதல் 0.002 அங்குலம் வரை கூடுதலாக இருப்பது விரும்பத்தக்கது. குறைவாக இருந்தால் சூடான வாயு பக்கவாட்டில் கசிந்து, குழலில் ஈயம் படியும். ஒரே அச்சில் வெவ்வேறு கலவைகள் சற்று வேறுபட்ட விட்டங்களைத் தருவதால், அச்சு தவறானது என முடிவு செய்யுமுன் கலவையை மாற்றிப் பார்ப்பது வழக்கம்.

ஆபத்துகள்

உருகிய ஈயத்தின் அடியில் நீர் அகப்பட்டால் அது நீராவியாகி ஏறத்தாழ 1,700 மடங்கு விரிவடைந்து, கொப்பரையில் உள்ளதனைத்தையும் வார்ப்பவர் மீது வீசியடிக்கும். ஈரமான ஈயத் துண்டு, நன்கு உலராத அகப்பை, நெற்றியிலிருந்து விழும் வியர்வை ஆகியவற்றைக் கொப்பரைக்கு அருகே வரவிடலாகாது. முகக்காப்பும் தோல் கையுறையும் முழுக்கால் உடையும் இன்றியமையாதவை.

ஈய நஞ்சேற்றம் இவ்வாறு உடனே புலப்படுவதில்லை. வார்க்கும் வெப்பநிலையில் ஈயம் ஆவியாவது மிகக் குறைவு. கசடில் உள்ள நுண்ணிய ஆக்சைடு தூளே கைகள், உடைகள், உணவு வழியாக உடலுள் செல்கின்றது. காற்றோட்டமான இடத்தில் வார்ப்பதும், அங்கு உண்ணாதிருப்பதும், உடைகளைத் தனியே துவைப்பதும் இதனாலேயே வலியுறுத்தப்படுகின்றன. சமையலறையில் வார்ப்பதும், வார்த்த பாத்திரத்தை மீண்டும் சமையலுக்கு எடுப்பதும் ஒருபோதும் கூடாது. சிறார்களின் மூளை வளர்ச்சியை ஈயம் மிகச் சிறிய அளவிலும் பாதிக்கின்றது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 இல் சிறார்களின் குருதி ஈயத்துக்கான சுட்டு மதிப்பை ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமிலிருந்து 3.5 மைக்ரோகிராமாகக் குறைத்தது. லிட்ச்ஃபீல்டில் அன்று வார்த்த சிறார்கள் இவ்வாபத்தை அறிந்திருக்க வாய்ப்பில்லை.

சட்ட நிலை

ஐக்கிய அமெரிக்காவில் சொந்தப் பயன்பாட்டுக்குக் குண்டு வார்ப்பதற்குக் கூட்டரசு உரிமம் தேவையில்லை. எனினும் கலிபோர்னியா மாநிலத்தில் 2019 சூலை முதல் வேட்டையில் ஈயக் குண்டுகளைப் பயன்படுத்துவது முற்றாகத் தடை செய்யப்பட்டுள்ளது. சுடப்பட்ட விலங்குகளின் எச்சங்களைத் தின்ற கலிபோர்னியப் பெருங்கழுகுகள் ஈய நஞ்சால் இறந்தமை இதற்கு முக்கியக் காரணம் ஆகும். இந்தியாவில் 1959 ஆம் ஆண்டு படைக்கலச் சட்டத்தின்படி உரிமமின்றி வெடிபொருள் தோட்டாக்களை உற்பத்தி செய்வது தண்டனைக்குரிய குற்றம் ஆகும்.