சைகோனின் காலை ரொட்டி

காய்ச்சல் வந்தால் மட்டுமே ரொட்டி என்பது எங்கள் வீட்டு வழக்கம். பாலில் தோய்த்த இரண்டு துண்டு, அதுவும் மருத்துவர் சொன்னால்தான். ஆகவே, காரைக்காலில் எங்கள் தெருவின் கோடி வீட்டில் இருந்த மூதாட்டி நாள்தோறும் காலையில் ரொட்டி உண்பது, சிறுவனாகிய எனக்குப் பெரும் புதிராக இருந்தது. தெருவே அவரைச் 'சைகோன் ஆயா' என்றுதான் அழைத்தது. பிரெஞ்சு அரசின் காவல்துறையில் பணியாற்றச் சைகோனுக்குச் சென்ற ஒருவரை மணந்து, அவரோடு இங்கு வந்து சேர்ந்த வியத்நாமியப் பெண்மணி. தணலில் வாட்டிய ரொட்டியைப் பிளந்து, பொரித்த முட்டையை வைத்து, கொத்துமல்லியும் பச்சை மிளகாயும் கிள்ளிப் போட்டு உண்பார். அந்த முட்டைக்கு அவர் வைத்திருந்த பெயர் 'ஒப்லா'. தெருப்பிள்ளைகள் அச்சொல்லைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். "ஆயாவுக்குத் தினமும் காய்ச்சலா?" என்று ஒருநாள் கேட்டேன். "காய்ச்சல் இல்லடா தம்பி, ஊரு" என்றார். அப்போது அது எனக்கு விளங்கவில்லை.

2018ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், இன்று ஹோ சி மின் நகரம் என வழங்கும் சைகோனுக்குச் செல்லும் வாய்ப்பு அமைந்தது. அந்நகரின் மிகச் சிறந்த காலை ரொட்டியைத் தேடி உண்பது என்று எளியதொரு திட்டத்தோடு சென்றேன். தேடல் நாவிலிருந்து வரலாற்றுக்குத் திரும்பியது.

வியத்நாமியர் இந்த உணவைப் 'பான் மீ' என்பர். 'பான்' என்பது மாவினாலான பலகாரங்கள் பலவற்றுக்கும் பொதுப்பெயர். அரிசியில் செய்யும் நூற்றுக்கணக்கான பண்டங்கள் அச்சொல்லைத் தாங்கி நிற்கின்றன. 'மீ' என்பது சீன மொழியிலிருந்து வந்தது, கோதுமையைக் குறிப்பது. பிரெஞ்சுச் சொல்லான 'பேன்' என்பதே 'பான்' ஆயிற்று என்று சிலர் கூறுவது ஒலியொப்புமையால் விளைந்த மயக்கம். பிரெஞ்சுக்காரர் கால் வைப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அச்சொல் அம்மொழியில் இருந்தது.

பிரெஞ்சுப் படை சைகோனைக் கைப்பற்றியது 1859இல். 1862ஆம் ஆண்டு உடன்படிக்கையால் தெற்கின் மூன்று மாகாணங்கள் பிரான்சுக்குச் சென்றன. 1867இல் எஞ்சிய மூன்றும் சென்றன. அந்த வெப்பநிலத்தில் கோதுமை விளையாது. மாவு முழுவதும் கப்பலில் வந்தாக வேண்டும். எனவே ரொட்டி விலையுயர்ந்த பண்டமாகவும், ஆள்வோரை ஆளப்படுவோரிடமிருந்து பிரித்துக் காட்டும் அடையாளமாகவும் விளங்கியது. ரொட்டியும் இறைச்சியும் உண்பவன் வலியவன், சோறும் மீனும் உண்பவன் மெலிந்தவன் என்னும் கருத்தைக் காலனியர் பரப்பினர். உள்ளூர் மக்கள் அதற்கு இட்ட முதற்பெயர் 'பான் தை', அதாவது மேலைநாட்டுப் பலகாரம். அது 'கோதுமைப் பலகாரம்' எனப் பெயர் மாறியபோது அயல்நாட்டுக்குரியது என்னும் குறிப்பு உதிர்ந்துபோயிற்று. போர்த்துக்கீசியர் வழியே வந்த காய்க்கு நாம் 'மிளகாய்' என்று பெயரிட்டு நமதாக்கிக்கொண்டதை இங்கு ஒப்புநோக்கலாம்.

இக்கதையில் தமிழருக்கும் இடமுண்டு. புதுச்சேரி, காரைக்கால் பகுதியினர் பலர் காவலர்களாகவும் எழுத்தர்களாகவும் வரிவசூலிப்போராகவும் சைகோன் சென்றனர். 1881 செப்டம்பரில் வெளியான ஆணையொன்று, தம் தனிச்சட்ட உரிமையைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்போருக்குப் புதிய குடும்பப் பெயரையும் புதிய சட்டநிலையையும் வழங்கியது. அவ்வாறு துறந்தவர்களுள் பலர், சைகோனில் வியத்நாமியருக்குக் கிட்டாத உரிமைகளைக் கோரிப் பெற்றனர். நகரத்தார் வட்டிக்கடைகள் நடத்தினர். ஆளும் இனத்துக்கும் ஆளப்படும் இனத்துக்கும் இடையில் நின்ற இந்த இரண்டுங்கெட்டான் நிலையைத் தமிழிலக்கியம் போதிய அளவு பேசவில்லை என்பது என் எண்ணம். மேதானுக்கும் பினாங்குக்கும் ப.சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' வாய்த்தது. சைகோனுக்கு அத்தகைய பேறு நெடுங்காலம் வாய்க்கவில்லை. பென் தான் சந்தைக்கு அருகிலுள்ள மாரியம்மன் கோயிலில் இன்று ஊதுபத்தி ஏந்தி நிற்போர் பெரும்பாலும் வியத்நாமியரே. அம்மனை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ரொட்டியை எடுத்துக்கொண்டதைப் போலவே என்று சொல்லலாம்.

ரொட்டி எளியோர் கைக்கு எவ்வாறு வந்தது? 1914இல் முதல் உலகப்போர் மூண்டபோது ஜெர்மானிய இறக்குமதி நிறுவனங்களின் கிடங்குகள் கைப்பற்றப்பட்டு, அவற்றிலிருந்த ஐரோப்பிய உணவுப்பொருள்கள் மலிவாகச் சந்தைக்கு வந்தன என உணவு வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுவர். ஆயினும் அக்காலத்தில் ரொட்டியும் பன்றித் தொடைக்கறியும் ஈரல் விழுதும் தனித்தனியே தட்டில் வைத்து உண்ணப்பட்டன. எல்லாவற்றையும் ரொட்டிக்குள் அடைத்துக் கையில் கொடுக்கும் வழக்கம் பின்னர் வந்தது.

அதற்கு ஒரு நாடு பிளவுபட வேண்டியிருந்தது. 1954 மே மாதம் தியன் பியன் ஃபூவில் பிரெஞ்சுப் படை வீழ்ந்தது. ஜூலையில் ஜெனீவா உடன்படிக்கை நாட்டை இரண்டாக்கியது. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட வடபகுதி மக்கள் தெற்கே பெயர்ந்தனர். அதே ஆண்டு நவம்பர் முதல் நாள் புதுச்சேரியும் காரைக்காலும் நடைமுறையில் இந்தியாவிடம் வந்தன. ஒரே பேரரசின் இரு கரைகள் ஒரே ஆண்டில் உதிர்ந்தன. கோடி வீட்டு ஆயாவின் வாழ்க்கை இவ்விரு தேதிகளுக்கும் இடையில் நசுங்கிய ஒன்று என்பதை வரலாற்று நூலைப் புரட்டிய பிறகே உணர்ந்தேன்.

ஹனோயிலிருந்து அவ்வாறு பெயர்ந்து வந்த ஒரு தம்பதியர், 1958இல் சைகோனில் 'ஹோவா மா' என்ற சிறு கடையைத் திறந்தனர். ஹனோயில் ஐரோப்பிய உணவுப்பொருள் நிறுவனமொன்றோடு அவர்களுக்குத் தொடர்பிருந்தது. அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் விரைவோர் உட்கார்ந்து உண்ண நேரமின்றித் தவிப்பதைக் கண்டு, ரொட்டியைச் சிறிதாக்கி, எல்லாவற்றையும் உள்ளே திணித்துக் கையில் கொடுத்தனர் என்பர். இன்று நாம் அறியும் பான் மீயின் தொடக்கக் கடைகளுள் ஒன்றாக அது போற்றப்படுகிறது. 1960இல் காவ் தாங் தெருவுக்கு மாறியது. நான் சென்றபோதும் அங்கேதான் இருந்தது.

காலை ஏழு மணி. சந்தின் ஓரத்தில் தாழ்ந்த முக்காலிகள். முன்னால் சிறு இரும்பு வாணலியில் இரண்டு முட்டை, தொடைக்கறித் துண்டுகள், வதக்கிய வெங்காயம். பக்கத்தில் காரட்டும் முள்ளங்கியும் சேர்ந்த புளிப்பு ஊறுகாய், ஒரு ரொட்டி. ரொட்டியின் மேலோடு கை பட்டதும் நொறுங்கியது, உள்ளே பஞ்சு. அடுத்த முக்காலிக்காரர் கடைக்காரப் பெண்ணை நோக்கி உரக்கக் கூவினார்: "ஒப் லா!"

கையிலெடுத்த ரொட்டி அப்படியே நின்றது. நாற்பதாண்டு அளவு பழைய கேலிச்சொல், கேலியின் சுவடே இல்லாமல், ஒரு காலைப்பசியின் சொல்லாக என் காதில் விழுந்தது. 'தட்டில் இட்ட முட்டை' என்னும் பொருள்படும் பிரெஞ்சுத் தொடர் வியத்நாமிய நாவில் 'ஒப் லா' ஆயிற்று என்பதைப் பின்னர் அறிந்தேன். வெண்ணெய் அங்கே 'பொ', ஈரல் விழுது 'பத்தே', காரட் 'கா ரொட்'. பல கடைகளில் 'பொ' என்று தடவப்படுவது பாலில் பிறந்ததே அன்று; முட்டை மஞ்சட்கருவையும் எண்ணெயையும் அடித்துத் திரட்டியது. சொல்லை வாங்கிக்கொண்டு பொருளைத் தம் அடுப்பில் செய்துகொண்டார்கள். எஜமானின் சொற்கள் சமையற்கட்டில் குடியேறி, எஜமான் போன பிறகும் தங்கிவிட்டன.

இந்த ரொட்டியை அதன்பின் வளர்த்ததும் வாட்டியதும் வரலாறே. 1950களின் பிற்பகுதியிலும் அறுபதுகளிலும் அமெரிக்க உணவு உதவித் திட்டத்தின் வழியே கோதுமை மாவு தெற்கு வியத்நாமுக்கு வந்தது. 1975இல் போர் முடிந்தபின் பங்கீட்டு முறையில் அரிசியே அரிதாயிற்று. சோளம் உண்டு கழித்த நாள்களை அங்குள்ள முதியோர் இன்றும் நினைவுகூர்கின்றனர். 1986இல் பொருளாதாரச் சீர்திருத்தம் தொடங்கியபின் தள்ளுவண்டிகள் மீண்டும் தெருவை நிறைத்தன. படகேறித் தப்பியோர் அதனைக் கலிபோர்னியாவுக்கும் பாரிசுக்கும் சிட்னிக்கும் கொண்டு சென்றனர். 2011இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி 'பான் மீ' என்ற சொல்லை ஏற்றது. மேலைநாட்டுப் பலகாரம் என்று பெயர்பெற்ற ஒன்று, வியத்நாமியப் பெயரோடு மேலைநாட்டு அகராதிக்குள் நுழைந்தது.

அப்படியானால் இது யாருடைய உணவு? பிரெஞ்சு ரொட்டியின் கிளை என்பார் ஒரு சாரார். அரிசிமாவு கலப்பதால்தான் இந்த மென்மை, ஆகவே முற்றிலும் உள்ளூருக்குரியது என்பார் மறுசாரார். பெரும்பாலான ரொட்டிக்காரர்கள் கோதுமை மாவையே பயன்படுத்துகின்றனர் என்பதே உண்மை. அரிசியைச் சேர்த்துத்தான் ஒன்றைத் தமதாக்க வேண்டும் என்பதில்லை. ஆதிக்கத்தோடு வந்த ஒன்றை எளிய மக்கள் தம் பசிக்கும் நேரத்துக்கும் ஏற்பத் திருத்திக்கொண்டால், அதன் மேல் அவர்களுக்குள்ள உரிமைக்கு வேறு சான்று தேவையில்லை. இதனால் காலனியம் செய்த கொடுமை குறைந்துவிடாது. ரொட்டியைக் காட்டி அதற்கு நன்றி சொல்லவும் வேண்டியதில்லை.

ஆறு நாள்களில் பதினொரு கடைகளில் உண்டேன். சிறந்தது எது என்று நண்பர்கள் கேட்கின்றனர். சுவையை மட்டும் கேட்டால் காவ் தாங் தெருக் கடை என்பேன். ஆனால் நான் தேடிப்போன ரொட்டி எங்கள் தெருவிலேயே, என் கண்ணெதிரே, நாள்தோறும் வாட்டப்பட்டது. ஒருமுறை அவர் ஒரு துண்டைப் பிய்த்து என்னிடம் நீட்டினார். அந்த வீட்டில் எதையும் உண்ணக் கூடாது என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள், வாங்காமல் ஓடிவந்துவிட்டேன். நான் மேல்நிலைப் பள்ளியில் பயின்ற நாளில் அவர் இறந்தார். வீடு கைமாறி, இடிந்து, இன்று தங்கும் விடுதியாக நிற்கிறது. அவருடைய இயற்பெயரைத் தெருவில் எவரும் அறிந்திருக்கவில்லை.

புதுவையிலும் காரைக்காலிலும் இத்தகைய வீடுகள் இன்னும் சில உள்ளன. அங்கே பண்டிகை நாள்களில் சைகோன் வழிச் சுருள் பலகாரங்கள் பொரிக்கப்படுகின்றன. இரண்டு மூன்று வியத்நாமியச் சொற்கள் பேரப்பிள்ளைகள் நாவில் தங்கியுள்ளன. அவ்வீடுகளின் முதியோரிடம் அமர்ந்து, அச்சொற்களையும் சமையல் முறைகளையும், முதலில் அவர்களுடைய பெயர்களையும் எழுதிக்கொள்ள வேண்டும். என் மாணவர் இருவர் இப்பணியைத் தொடங்கியிருக்கின்றனர். அவர்களிடம் நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: கொடுப்பதை மறுக்காமல் உண்டுவிட்டு வாருங்கள்.