மேசைக் கணினியில் கூடுதல் எஸ்எஸ்டி (மலையகச் சூழலில்)

சுழலும் தட்டுகள் இல்லாமல் ஃப்ளாஷ் சில்லுகளில் தரவைச் சேமிப்பது எஸ்எஸ்டி. மேசைக் கணினியிலுள்ள பழைய வன்தட்டை அகற்றாமலே இதைச் சேர்க்கலாம். 2.5 அங்குல வகை சாட்டா வடத்தில் இணையும். அதன் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 550 மெகாபைட். எம்.2 வகை தாய்ப்பலகையிலேயே செருகப்படும். அதன் என்விஎம்இ ரகம் சாட்டாவைவிடப் பல மடங்கு வேகமானது. சில தாய்ப்பலகைகளில் எம்.2 செருகியதும் ஒரு சாட்டா இணைப்பு செயலிழக்கும் என்பதால் கையேட்டைப் பார்த்த பின்பே வாங்க வேண்டும்.

இலங்கையின் மலையக நகரான நுவரெலியா சுமார் 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. வன்தட்டுகளே பொதுவாக 3,000 மீற்றர் வரை இயங்கும்; ஆகவே அங்கும் ஹட்டனிலும் உயரம் தடையல்ல, ஈரமே கவலை. குளிரில் வந்த எஸ்எஸ்டியை வெதுவெதுப்பான அறையில் உடனே பிரித்தால் அதன்மேல் நீர் படியலாம். சிறிது நேரம் உறையிலேயே விட்டுவைப்பது நல்லது.

மின்வெட்டு இதைவிடப் பெரிய தொல்லை. 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் தடைப்பட்டது. வீட்டுப் பாவனைக்கான பெரும்பாலான எஸ்எஸ்டிகளில் திடீர் மின்தடையைத் தாங்கும் மின்தேக்கிகள் இல்லை. தோட்டப் பாடசாலையோ அலுவலகமோ, எஸ்எஸ்டிக்கு முன் யூபிஎஸ் (தடையில்லா மின்வழங்கி) வாங்குவதே சரி.