பென் டிரைவ் துண்டிப்புச் சோதனை

கோப்பு எழுதிக்கொண்டிருக்கும்போதே பென் டிரைவையோ வெளி ஹார்ட் டிஸ்க்கையோ பிடுங்கினால் இயங்குதளம் தாக்குப்பிடிக்கிறதா என்று பார்க்கும் சோதனை. கையால் பிடுங்கியே பார்க்கலாம். ஆனால் ஆயிரம் தடவை, ஒவ்வொரு தடவையும் அதே கணத்தில் பிடுங்க எந்தக் கையாலும் முடியாது. அதனால் பிடுங்குவதுபோல மென்பொருளை நடிக்கவைக்கிறார்கள்.

சாதனம் போனதும் கெர்னல் அதற்கான நினைவிடத்தை விடுவிக்கிறது. கோப்பு முறைமையோ இன்னும் அந்த இடத்தையே சுட்டிக்கொண்டிருக்கலாம். விடுவித்த இடத்தைத் தொடும் இந்தப் பிழையில்தான் கெர்னல் பெரும்பாலும் விழுகிறது. இதைக் கையும் களவுமாகப் பிடிக்கவே லினக்ஸ் சோதனைகளில் கேசன் என்னும் நினைவகக் காவலை இயக்கி வைப்பார்கள். தரவிழப்பு வேறு கதை: ‘எழுதியாயிற்று’ என்று செயலிக்குச் சொன்ன தரவு, லினக்ஸின் இயல்பு அமைப்பில், 30 விநாடியளவு நினைவகத்திலேயே கிடக்கக்கூடும்.

லினக்ஸில் எளிய வழி, சாதனங்களைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ் அடைவில் அந்த வட்டுக்குரிய ‘டெலிட்’ கோப்பில் 1 என்று எழுதுவது; அல்லது யூஎஸ்பி சாதனத்தின் அனுமதிக் கோப்பில் 0 என்று எழுதுவது. இரண்டும் மரியாதையான வெளியேற்றங்கள். கம்பி இன்னும் உயிரோடிருப்பதால், வட்டின் உள் கேஷைக் காலிசெய்யும் கட்டளையை டிரைவர் கடைசியாக அனுப்பிவிட முடிகிறது. நிஜமாகப் பிடுங்கும்போது அந்த அவகாசம் இல்லை. இதில் தேறியதை வைத்து ‘பிடுங்கினாலும் தாங்கும்’ என்று எழுதுவது அவசர முடிவு.

நிஜத்தில் நடப்பது இது: யூஎஸ்பி-ஏ செருகியில் மின் முனைகள் தரவு முனைகளைவிட நீளமானவை. ஆகவே முதலில் பேச்சு அறுகிறது, பிறகே மின்சாரம். இதற்கு நெருங்கிய நகல் க்யூஎமு மெய்நிகர் கணினியில் கிடைக்கும். அங்கே யூஎஸ்பி சேமிப்பகத்தை, உள்ளே ஓடும் விருந்தினர் இயங்குதளத்தைக் கேட்காமலே உருவிவிடலாம். பிசிஐ சாதனமென்றால் பொதுவாக விருந்தினரின் ஒத்துழைப்பு வேண்டும். அது வேறொரு பாதையைத்தான் சோதிக்கிறது. கையில் வன்பொருளே இல்லாதவர்கள், கெர்னலுடன் வரும் போலி யூஎஸ்பி கட்டுப்பாட்டகத்தில், ஒரு சாதாரணக் கோப்பையே பென் டிரைவாக மாட்டிக் கழற்றலாம்.

உண்மையான சாதனத்தோடு சோதிக்க, ஒவ்வொரு துளைக்கும் மின்சாரத்தைத் தனித்தனியே நிறுத்தும் ஹப்பும் யூஎச்யூபிசிடிஎல் என்ற கருவியும் உண்டு. நிறுத்துவதாகச் சொல்லிவிட்டு மின்சாரத்தை விட்டுக்கொண்டேயிருக்கும் ஹப்புகளும் சந்தையில் இருக்கின்றன. முதலில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

டிஎம்-ஃப்ளேக்கி என்ற லினக்ஸ் கருவியை இந்த வரிசையில் சேர்ப்பவர்கள் உண்டு. அது குறிப்பிட்ட நேரங்களில் எழுதப்படும் தரவைச் சத்தமில்லாமல் விழுங்கும், அல்லது பிழை திருப்பும். ஆனால் சாதனம் மறைவதில்லை. கோப்பு முறைமையின் பொறுமை சோதிக்கப்படுகிறதே தவிர, டிரைவரின் வெளியேறும் பாதை தொடப்படுவதே இல்லை.

விண்டோஸ் 10, 1809 பதிப்பிலிருந்து வெளிச் சேமிப்பகங்களுக்கு ‘விரைவு அகற்றல்’ முறையை இயல்பாக்கியது. அதில் எழுத்துக் கேஷ் அணைந்திருப்பதால், அதே சோதனை பழைய பதிப்பில் தரும் விளைவும் இதில் தரும் விளைவும் ஒன்றாக இராது.